துளையிடும் முன்: ஊற்று நீர் ஆய்வா, மின்தடை அளவீடா?

எரிமலைப் பகுதியில் முதல் புவிவெப்பக் கிணற்றுக்கு இடம் குறிப்பதற்கு முன், கையிலுள்ள பணத்தை எந்த ஆய்வில் இடுவது என்பதில் பெரும்பாலும் இரண்டு முறைகளே போட்டியிடுகின்றன: ஒன்று, வெந்நீர் ஊற்றுகளையும் நீராவித் துவாரங்களையும் வேதியியல் வழியில் ஆராய்வது; மற்றொன்று, நிலத்தடி மின்தடையை மேக்னட்டோடெல்லூரிக் முறையில், அதாவது பூமியின் இயற்கையான மின்காந்த அலைவுகளைக் கொண்டு, அளப்பது.

வேதியியல் மலிவானது. சிலிக்காவாலான குவார்ட்ஸ் என்னும் கனிமம் நீரில் கரையும் அளவு வெப்பநிலையைப் பொறுத்தது என்பதால், ஊற்று நீரிலுள்ள சிலிக்காவைக் கொண்டு ஆழத்து வெப்பத்தைக் கணக்கிடலாம். சோடியம், பொட்டாசியம் விகிதம் சிலிக்காவைவிட மெதுவாக மாறுவதால், இன்னும் ஆழத்திலுள்ள நிலையை உணர்த்தும். ஆனால் இக்கணக்குகள் நடுநிலையான குளோரைடு நீருக்கே, அதாவது ஆழத்திலிருந்து வரும் அமிலத்தன்மையற்ற உப்பு நீருக்கே, பொருந்தும். நீராவித் துவாரங்களை ஒட்டிக் கொதிக்கும் அமில சல்ஃபேட் குட்டைகள், ஆவியால் சூடான மேற்பரப்பு நீரே. அவற்றின் சிலிக்காவைக் கணக்கில் ஏற்றிய அறிக்கையை நான் மேற்கொண்டு படிப்பதில்லை. செங்குத்தான எரிமலைகளில் குளோரைடு நீர் பக்கவாட்டில் பல கிலோமீட்டர் ஓடி அடிவாரத்தில் வெளிப்படக்கூடும். ஆகவே எவ்வளவு சூடு என்பதை ஊற்று சொல்லும். எங்கே துளையிடுவது என்பதைச் சொல்லாது.

அந்த 'எங்கே' என்பதற்குத்தான் மின்தடை அளவீடு தேவைப்படுகிறது. சுமார் 70 முதல் 200 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் எரிமலைப் பாறை ஸ்மெக்டைட் களிமண்ணாகத் திரிந்து மின்சாரத்தை எளிதில் கடத்தும். அதன் மின்தடை பெரும்பாலும் 10 ஓம் மீட்டருக்குக் கீழே இருக்கும். அதற்கும் மேலான வெப்பத்தில் குளோரைட், எபிடோட் என்னும் கனிமங்கள் உருவாகி மின்தடை மீண்டும் உயரும். எனவே தேட வேண்டியது மிகக் குறைந்த மின்தடை கொண்ட இடத்தை அன்று. மின்சாரத்தைக் கடத்தும் அந்தக் களிமண் போர்வை குமிழாக மேலெழும்பி, அதன் அடியில் மின்தடை கூடும் இடத்தையே. இதன் குறை, கனிமங்கள் பழைய வெப்பத்தையும் பதிந்து வைத்திருப்பது: ஆறிப்போன அமைப்பும் இதே படத்தைத் தரும். உருகிய பாறையும் சில வேளைகளில் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. ஐஸ்லாந்தின் கிராஃப்லா எரிமலைப் பகுதியில் 4 கிலோமீட்டருக்கு மேல் செல்லத் திட்டமிட்ட கிணறு, 2009இல் சுமார் 2.1 கிலோமீட்டரிலேயே எதிர்பாராமல் மாக்மாவில் (உருகிய பாறையில்) இறங்கியது.

ஊற்றுகள் உள்ள இடத்தில் வேதியியலையே நான் முதலில் வைப்பேன். அது நல்ல வெப்பத்தைக் காட்டினால் மட்டுமே மின்தடை அளவீட்டுக்குச் செலவிடலாம். நீர்மட்டம் ஆழமாக இருந்து ஊற்றே இல்லாத மலைகளில் நீராவித் துவாரங்களின் வாயுக்களையே வேதியியல் ஆய்வுக்கு மாதிரியாக எடுக்க வேண்டும். மின்தடைப் படம் அழகிய குமிழைக் காட்ட, வாயுக்கள் குறைந்த வெப்பத்தைக் காட்டினால், நான் வாயுக்களையே நம்புவேன்.