கஞ்சி கொட்டிய கைக்கு முதலில் தண்ணீரா, களிம்பா?

போன சித்திரையில் சோறு வடிக்கும்போது வடிதட்டு நழுவி, கொதிக்கிற கஞ்சி அம்மாவின் இடது கையில் கொட்டிவிட்டது. கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் ஐஸ் இருந்தது, அலமாரியில் தீக்காயக் களிம்பு இருந்தது, பக்கத்து வீட்டு அக்கா பேஸ்ட்டோடு ஓடி வந்தார். நான் அம்மாவைத் தண்ணீருக்குத்தான் இழுத்துப் போனேன். நாளைக்கே மறுபடி நடந்தாலும் அதைத்தான் செய்வேன்.

பேஸ்ட், இங்க், மாவு எதுவும் வேண்டாம். சூட்டை எடுக்காது, புண்ணில் அழுக்குதான் சேரும். ஐஸ் அளவுக்கு மீறிய குளிர்ச்சி. ரத்த ஓட்டத்தைச் சுருக்கி, வெந்த தோலை மேலும் கெடுத்துவிடும்.

களிம்பை அப்படி ஒதுக்கிவிட முடியாது. பூசியதும் சற்று இதமாக இருக்கும், அதனால்தான் கை முதலில் அதைத் தேடுகிறது. ஆனால் கஞ்சியைத் துடைத்த பிறகும் சூடு தோலுக்குள் இருந்து ஆழமாக இறங்கிக்கொண்டே இருக்கும். அதை வெளியே எடுப்பது ஓடும் தண்ணீர், அதுவும் முழுதாக 20 நிமிடம். இரண்டு நிமிடத்தில் எரிச்சல் அடங்கியதும் "போதும்டா" என்று அம்மா கையை எடுத்தார். எடுத்ததும் மறுபடி எரிந்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கவைத்தேன். வீங்குவதற்குள் வளையலையும் மோதிரத்தையும் கழற்றியது அப்போதுதான். உடனே முடியாமல் போனாலும் 3 மணி நேரத்துக்குள் தண்ணீர் காட்டினால் பலன் உண்டு.

நம்ம ஊர் வெயிலில் ஒரு சிக்கல்: மதியம் மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரே சுடும். நல்லவேளை, தெருவில் அடிபம்பு இருந்தது. அது இல்லாவிட்டால் குடத்துத் தண்ணீரைச் சொம்பால் விடாமல் ஊற்ற வேண்டும்.

அப்புறம் கொப்புளத்தை உடைக்காமல், சலவை செய்த பருத்தித் துணியைத் தளர்வாகப் போர்த்தி மருத்துவரிடம் போனோம். மேலே எதுவும் பூசாததால் அவர் புண்ணைத் துடைத்து எடுக்கத் தேவையில்லாமல் நேராகப் பார்த்தார். களிம்பு அதற்குப் பிறகு, அவர் சொல்லித்தான் வந்தது.

நான் பார்த்தது உள்ளங்கை அளவுப் புண் மட்டும். எண்ணெய் கொட்டியதையோ சேலையில் தீப்பிடித்ததையோ நான் கையாண்டதில்லை. அவற்றிலும் முதலில் தண்ணீர்தான் என்றாலும், புண் பெரிதாக இருந்தாலோ அடிபட்டது குழந்தையாக இருந்தாலோ வீட்டில் காத்திருக்கக் கூடாது. ஒருவர் தண்ணீர் ஊற்ற, இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். காயம் படாத உடம்பைப் போர்த்தி வையுங்கள், குளிரில் நடுங்கிவிடும்.