சுகி மரக் கூடையும் மூங்கில் மூடியும்

வீட்டில் ஷூமாய் (மெல்லிய மாவுத்தோலில் பூரணம் வைத்து அவிக்கும் சிறு கொழுக்கட்டை), நிக்குமான் (இறைச்சி வைத்து ஆவியில் வேகவைக்கும் பன்) செய்துபார்க்க ஆசைப்படுகிறவர்கள் மாவையும் சாஸையும் தேடுவதற்கு முன்னால் ஆவியில் அவிக்க ஒரு நல்ல மரக்கூடை வாங்கிவிடுங்கள். ஜப்பானில் அதைச் செய்ரோ என்பார்கள். என்னுடையது 21 செ.மீ. விட்டமுள்ளது. சுகி என்னும் ஜப்பானிய தேவதாரு மரத்தின் மெல்லிய சீவலை வளைத்துச் செய்த இரண்டு அடுக்குகள், மூங்கிலில் பின்னிய ஒரு மூடி, அவ்வளவுதான். யோகோஹாமா சீனநகரில் உள்ள ஒரு பாத்திரக்கடையில் 5,000 யென்னுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து வாங்கினேன். இப்போது எங்கள் சமையலறையில் அரிசிக் குக்கருக்கு அடுத்தபடி அதிகம் உழைப்பது இதுதான்.

கொடுத்த பணம் முழுவதும் அந்த மூடிக்கே தகும். இட்லிப் பானையில் கொழுக்கட்டை அவித்தவர்களுக்குத் தெரியும், உலோக மூடியின் உட்புறத்தில் ஆவி நீராகி மேல்தட்டில் சொட்டும். அதற்காகவே மூடிக்குத் துணி கட்டுகிறோம். மூங்கில் பின்னலோ ஆவியை இடுக்குகளின் வழியே மெல்ல வெளியே விடுகிறது. மிஞ்சும் ஈரத்தை மரம் உறிஞ்சிக்கொள்கிறது. ஒரு சொட்டு நீர்கூட உணவின் மேல் விழுவதில்லை. ஷூமாயின் மெல்லிய தோல் கிழியாமல், ஒன்றோடொன்று ஒட்டிக் குழையாமல் வருகிறது. துருப்பிடிக்காத எஃகு அடுக்கிலும் வேகவைத்திருக்கிறேன். சுவையில் பெரிய வேறுபாடு இல்லை, தோலில் நிச்சயம் உண்டு.

யோகோஹாமாவில் இருந்துகொண்டு ஷூமாயைப் பற்றிச் சுருக்கமாகப் பேச என்னால் முடியாது. 1859இல் இந்தத் துறைமுகம் திறக்கப்பட்டபோது, மேலைநாட்டு வணிகர்களோடு சீனர்களும் வந்தார்கள். இரு மொழிக்கும் பொதுவான சீன எழுத்துகளின் வழியே ஜப்பானியரோடு பேசிக்கொள்ள அவர்களால் முடிந்ததால் வணிகத்தில் இடைத்தரகர்களாக இருந்தார்கள். அவர்களுடைய குடியிருப்புதான் இன்றைய சீனநகர். பிறகு 1928இல் கியோகென் நிறுவனம் யோகோஹாமா ரயில் நிலையத்தில் ஷூமாய் விற்கத் தொடங்கியது. ரயில் பயணி சூடாகச் சாப்பிட முடியாது என்பதால், ஆறினாலும் சுவை குன்றாதபடி பன்றி இறைச்சியோடு உலர்ந்த ஸ்காலப் சிப்பியைச் சேர்த்தார்கள். எவ்வளவு நல்ல யோசனை! இன்றும் அந்த ஷூமாய்ப் பெட்டியோடு இந்த ஊரிலிருந்து கிளம்புகிறவர்களை ரயிலில் பார்க்கலாம்.

வீட்டில் நான் செய்வது இதைவிட எளியது. 300 கிராம் இறைச்சிக் கொத்துக்கு ஒரு பெரிய வெங்காயம். வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, கதாகுரிகோ என்னும் உருளைக்கிழங்கு மாவை மூன்று மேசைக்கரண்டி தூவிப் புரட்டிய பிறகே இறைச்சியில் சேர்க்க வேண்டும். இந்த ஒரு படியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். மாவு வெங்காயத்தின் நீரைப் பிடித்துவைப்பதால்தான் உள்ளே சாறு தங்குகிறது. இஞ்சி, சோயா சாஸ், சிறிது சர்க்கரை, எள்ளெண்ணெய். எண்ணெய் விஷயத்தில் கவனம் தேவை: இங்கே கிடைப்பது பெரும்பாலும் வறுத்த எள்ளின் எண்ணெய், மணம் தூக்கலாக இருக்கும். நம் நல்லெண்ணெயை ஊற்றினால் அந்த மணம் வராது. சதுரமான ஷூமாய்த் தோல் எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வளையம் போலப் பிடித்து, அதில் தோலை வைத்துப் பூரணத்தை அழுத்தினால் வடிவம் தானே வந்துவிடும். கூடையில் முட்டைக்கோஸ் இலை பரப்பி, கொதிக்கும் நீருக்கு மேலே 12 நிமிடம். தொட்டுக்கொள்ளச் சோயா சாஸும் ஜப்பானியக் கடுகு விழுதும்.

என் மாமியார் சைவம். அவர் வந்திருந்தபோது, நீரை நன்றாகப் பிழிந்த டோஃபு, ஷீதாகே காளான், கேரட் வைத்துச் செய்தேன். சைவப் பூரணத்துக்கு 8 நிமிடம் போதும். மேலடுக்கில் அவருக்கு, கீழடுக்கில் எங்களுக்கு என்று வைக்காமல், இரண்டு தனித்தனி வேளையாக அவித்தேன். கீழிருந்து வரும் ஆவி மேலே உள்ளதற்கும் மணத்தைக் கொண்டுபோகும்.

நிக்குமானில் இந்தக் கூடை இன்னும் நன்றாக வேலை செய்கிறது. ஈஸ்ட் போட்டுப் பொங்கவைத்த மாவு, நடுவே இறைச்சி, 15 நிமிட ஆவி. தோல் வெள்ளையாக, மேற்பரப்பு பிசுபிசுக்காமல் வருகிறது. டோக்கியோவின் ஷிஞ்ஜுகு பகுதியிலுள்ள நகமுராயா கடை 1927இல் இந்தச் சீன ஆவிப்பணியாரத்தை ஜப்பானியர் நாக்குக்கு ஏற்ப மாற்றி விற்கத் தொடங்கியது. அதே ஆண்டில் அதே கடையில்தான் இந்தியக் குழம்பும் சோறும் அறிமுகமாயின. கற்றுக்கொடுத்தவர் இந்திய விடுதலைப் போராளி ராஷ் பிஹாரி போஸ். 1915இல் பிரிட்டிஷாரிடமிருந்து தப்பி வந்தவரை ஒளித்துவைத்தது அந்தக் கடைக்காரரின் குடும்பம்தான். பின்னர் அந்த வீட்டு மகளையே அவர் மணந்தார். நிக்குமான் செய்யும்போதெல்லாம் இதை என் மகனிடம் சொல்லாமல் இருக்க முடிவதில்லை.

பிறை வடிவில் மடித்த கொழுக்கட்டையான கியோசாவுக்கு இந்தக் கூடை தேவையில்லை. ஜப்பானில் வீட்டுக் கியோசா என்றாலே தட்டையான வாணலியில் அடிப்பாகம் சிவக்கப் பொரித்து, நீர் ஊற்றி மூடி வேகவைப்பதுதான். அன்னின் டோஃபு என்ற பாதாம் மண இனிப்புக்கும் கூடை வேண்டாம். கடற்பாசியும் பாலும் இருந்தால் போதும்.

குறைகளுக்கு வருகிறேன். புதிய சுகி மரத்தின் வாசம் முதல் சில வேளைகளில் உணவில் ஏறுகிறது. எதையும் வைக்காமல், அல்லது காய்கறித் தோல்களை மட்டும் போட்டு அரை மணி நேரம் ஆவியில் வைத்தால் தணியும். சோப்பு போட்டுக் கழுவக் கூடாது. மரம் சோப்பைக் குடித்துவிடும். நீரில் அலசி, காற்றோட்டமான நிழலில் உலர்த்த வேண்டும். ஜூன், ஜூலை மழைக்காலத்தில் அலமாரிக்குள் பூட்டிவைத்தால் பூசணம் பிடிப்பது உறுதி. எங்கள் வீட்டில் அது எப்போதும் அலமாரிக்கு மேலே, திறந்த இடத்தில்தான் இருக்கிறது. பாத்திரத்தைப் போல் எறிந்து கையாள நினைப்பவர்களுக்கு இது ஒத்துவராது.

ஹினோகி என்னும் ஜப்பானிய சைப்ரஸ் மரத்தில் செய்தது இன்னும் உறுதியானது, மணமும் அருமை. ஆனால் விலை மிக அதிகம். வாரம் ஒருமுறை பயன்படுத்தும் வீட்டுக்குச் சுகியே போதும். இணையத்தில் வாங்கிய மிக மலிவான கூடை ஒன்றில் உலோக ஊசி அடித்திருந்தது. ஈரம் பட்டுத் துருவேறி, வளையம் பிரிந்துவிட்டது. இணைப்பைத் தைத்திருக்கிறார்களா, ஊசி அடித்திருக்கிறார்களா என்று திருப்பிப் பார்த்தே வாங்குங்கள். கூடவே நடுவில் துளையிட்ட ஆவித்தட்டு ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். அதை எந்தப் பானையின் மேலும் வைத்து, அதன் மேல் கூடையை அமர்த்தலாம். மரத்தின் விளிம்பு தீயில் கருகாது. தட்டு இல்லாமல் வைப்பதென்றால், கடைக்குப் போவதற்கு முன் உங்கள் பானையின் வாயை அளந்துகொண்டு போங்கள்.