நனைந்த டென்ட்: பைக்குள் வைப்பதா, வெளியே கட்டுவதா?

இமாச்சலப் பிரதேசத்தின் பாலு கா கேரா முகாமில் இரவெல்லாம் மழை. காலை ஆறு மணிக்கு மழை விட்டபோது எங்கள் இரண்டு டென்ட்டும் பிழியாத வேட்டி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. 4,270 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஹம்ப்டா கணவாயை அன்றைக்கே தாண்டி அடுத்த முகாமான ஷியா கோரு போய்ச் சேர வேண்டும். குதிரை வைத்துக்கொள்ளவில்லை, சுமை முழுக்க எங்கள் முதுகில்தான். கூட வந்த கோயம்புத்தூர் தம்பி தன் டென்ட்டை மொத்தமாகச் சுருட்டி, அதோடு வந்த உறைக்குள் திணித்து, முதுகுப்பையின் அடியில் வைத்து வாரை இறுக்கினான். நான் என்னுடையதை இரண்டாகப் பிரித்துப் பைக்குள்ளேயே வைத்தேன்.

“ஈரத்தை எதுக்குண்ணா உள்ள வைக்கிறீங்க? துணியெல்லாம் நனைஞ்சிடாதா?” என்று கேட்டான்.

நியாயமான கேள்விதான். நானும் நான்கு வருடம் அவனைப் போல வெளியே கட்டிக்கொண்டுதான் நடந்தேன்.

காய்ந்த டென்ட்டைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. அது பைக்குள் போக வேண்டும், அவ்வளவுதான். அடியில் ஸ்லீப்பிங் பேக், அதற்கு மேல் முதுகை ஒட்டி டென்ட், அதைச் சுற்றி துணிமணி. இருவர் படுக்கும் சாதாரண டென்ட் இரண்டு, இரண்டரை கிலோ இருக்கும். அந்தக் கனம் முதுகை ஒட்டி இருந்தால் ஏற்றத்தில் பை பின்னால் இழுக்காது. கம்பிகளை மட்டும் தனியாக எடுத்து, பக்கவாட்டுப் பையில் நிறுத்தி வார் போட்டுவிடலாம். முளைகளைச் சின்னப் பையில் கட்டிப் போடுங்கள், கூர்முனை எதையும் கிழிக்காது.

நனைந்த பிறகுதான் சிக்கல்.

வெளியே கட்டுவதில் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 45 லிட்டர் பை வைத்திருப்பவருக்கு வேறு வழியே இருக்காது. ஈரம் மற்ற பொருளைத் தொடாது. மழையில் முகாம் சேர்ந்தால், பையைத் திறக்காமலே டென்ட்டை எடுத்து அடித்துவிடலாம். இந்த மூன்றுக்காகத்தான் நானும் அப்படிச் செய்தேன். ஆனால் பையை இறக்கி வைக்கும் ஒவ்வொரு தடவையும் முதலில் பாறையில் மோதுவது அந்த டென்ட்தான். மழை உறையும் அதற்கு மேல் சரியாகப் பொருந்தாது. நம் ஊர்ப் பக்கம் உண்ணிச்செடிப் புதர் வழியே நடந்தால் முள் நேராக அதில்தான் மாட்டும். ஓடையில் கல்லுக்குக் கல் தாவும்போது அடியில் தொங்கும் மூன்று கிலோ, நாம் நின்ற பிறகும் ஆடிக்கொண்டிருக்கும்.

இதெல்லாம் சமாளிக்கக்கூடியவை. நான் மாறியது வேறு ஒரு காரணத்துக்காக. டென்ட் எங்கே இருந்தால் நடுவழியில் காயும் என்பதுதான் அது.

டென்ட் நனைவதால் கெடுவதில்லை, நனைவதற்காகவே செய்த பொருள் அது. நனைந்தபடியே சுருண்டு கிடந்தால்தான் கெடும். பெரும்பாலான டென்ட்களில் மேல்விரிப்பான ஃப்ளையின் உட்புறத்திலும் தரைப்பகுதியிலும் பாலியூரித்தேன் பூச்சு இருக்கும். ஈரமும் வெப்பமும் சேர்ந்து நாள்கணக்கில் நின்றால் அந்தப் பூச்சு வேதிமாற்றம் அடைந்து மெல்லச் சிதையும். முதலில் ஒரு புளித்த வாடை வரும். பிறகு துணி விரலில் ஒட்டும். கடைசியில் செதில் செதிலாக உரியும். பூஞ்சை இதற்கெல்லாம் காத்திருக்காது. சூடும் ஈரமும் உள்ள ஊரில் இரண்டு நாள் போதும், கரும்புள்ளி விழுந்துவிடும்.

என் முதல் டென்ட் அப்படித்தான் போனது. கொடைக்கானல் மேல்மலையில் தெரிந்தவர் தோட்டத்தில் இரண்டு மழைக்காலம் அடிக்கடி தங்கினேன். ஒவ்வொரு தடவையும் ஈரத்தோடு சுருட்டி, வெளியே கட்டி, பஸ் ஏறி சென்னைக்கு வந்து, “ஞாயிற்றுக்கிழமை காய வைத்துக்கொள்ளலாம்” என்று மூலையில் போட்டுவிடுவேன். மூன்றாவது வருடம் விரித்தால் ஃப்ளை ஒன்றோடொன்று ஒட்டிப் பிரிய மறுத்தது. பிரித்தபோது கல்யாண வீட்டுப் பந்தலில் செல்லோடேப்பை இழுக்கிற சத்தம். தையல் மேல் ஒட்டியிருந்த டேப் ஒரு முழம் நீளத்துக்கு உரிந்து தொங்கியது. துணியில் ஒரு கிழிசல்கூட இல்லை, கம்பி வளையவில்லை, ஆனாலும் அதைத் தூக்கித்தான் போட வேண்டியிருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கேட்பதில்லை.

வெளியே கட்டினால் காற்றில் தானாகக் காய்ந்துவிடும் என்று நானும் நம்பியிருந்தேன். காயாது. இறுக்கிச் சுருட்டியதில் மேல்சுற்று மட்டும்தான் உலரும், உள்சுற்றுகளில் தண்ணீர் அப்படியே நிற்கும். மூன்று வார்களை அவிழ்த்து, உறையிலிருந்து உருவி, விரித்து, திரும்பச் சுருட்டிக் கட்டுகிற வேலையை மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த இடத்தில் யாரும் செய்வதில்லை. நான்கு வருடத்தில் நான் ஒரு தடவைகூடச் செய்யவில்லை.

இன்னொன்று இதைவிட முக்கியம். மழை பெய்த இரவில்கூட, ஃப்ளைக்கு உள்ளே நாம் படுக்கும் உள்கூடு அநேகமாகக் காய்ந்தேதான் இருக்கும், நனைவது ஃப்ளையும் டென்ட்டுக்கு அடியில் போடும் தரைவிரிப்பும்தான். மூன்றையும் சேர்த்துச் சுருட்டினால் காய்ந்திருந்ததையும் நாமே நனைத்துவிடுகிறோம். அடுத்த இரவு படுக்கப்போவது அதற்குள்தான்.

நான் இப்போது செய்வது இதுதான். ஃப்ளை நின்றுகொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து உள்ளங்கையால் தட்டினால் பாதித் தண்ணீர் வழிந்துவிடும். என் டென்ட்டின் கம்பி முனைகள் தரைவிரிப்பின் வளையத்திலும் நிற்கும். அதனால் கூரையைக் கழற்றாமலே உள்கூட்டின் கொக்கிகளை விடுவித்து, முனைகளைக் கொஞ்சம் தூக்கி, அதை மட்டும் சுருட்டி எடுத்துவிட முடிகிறது. அப்புறம் ஈரிழைத் துண்டால் ஃப்ளையை இரண்டு பக்கமும் துடைத்து, பிழிந்து, மறுபடி துடைப்பேன். இதற்கென்று விற்கும் துண்டுகளை விட நம் ஈரிழைத் துண்டு நன்றாக உறிஞ்சுகிறது, ஒரு முறுக்கில் பிழிபடுகிறது, பைக்கு வெளியே தொங்கவிட்டால் ஒரு மணி நேரத்தில் காய்ந்தும் விடுகிறது. வீட்டில் பெட்டி எடை பார்க்கும் தூக்குத் தராசில் மாட்டிப் பார்த்தேன். காய்ந்த டென்ட் 2.3 கிலோ. நன்றாக நனைத்து உதறாமல் தூக்கினால் 2.9. துடைத்துப் பிழிந்த பிறகு 2.5. ஐந்து நிமிட வேலைக்கு 400 கிராம் குறைகிறது.

இனி தம்பியின் கேள்விக்கு வருகிறேன். என் முதுகுப்பைக்குள் முதலில் ஒரு பெரிய பாலிதீன் பை இறங்கும், உரச்சாக்கின் உள்ளே இருக்குமே, அந்தக் கனத்தில். ஸ்லீப்பிங் பேக், துணி, சுருட்டிய உள்கூடு எல்லாம் அதற்குள் போகும். அதன் வாயை முறுக்கி முடிச்சுப் போட்டுவிடுவேன். ஃப்ளையும் தரைவிரிப்பும் அந்த முடிச்சுக்கு மேலே, முதுகுப்பையின் மூடிக்குக் கீழே இருக்கும். சொட்டுகிற தண்ணீர் பாலிதீனுக்கு வெளிப்புறமாக வழிந்து பையின் அடியில் கசிந்து போய்விடும். இதுவரை என் ஸ்லீப்பிங் பேக் நனைந்ததில்லை. ஃப்ளையை வைக்க முதலில் வெங்காய மூட்டை வலையைத்தான் பயன்படுத்தினேன். அதில் ஜிப் மாட்டிக்கொண்டே இருந்தது. இப்போது வாஷிங் மெஷினில் துணி போடும் வலைப்பை. மடிக்காமல் கைக்கு வந்தபடி திணிக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் மடிப்பு விழுந்தால் அங்கேதான் பூச்சு முதலில் விரிசல் விடும்.

அன்று கணவாயைத் தாண்டி இறங்கியதும் வானம் வெளுத்திருந்தது. ஹம்ப்டாவின் விசேஷமே அதுதான். குல்லு பக்கம் பருவமழையில் பச்சைப் பசேல் என்று நனைந்து கிடக்கும், லாஹூல் பக்கம் மழை மறைவுப் பிரதேசம், வெறும் பழுப்பு மலை. ரொட்டி சாப்பிட உட்கார்ந்தோம். பையின் மூடியைத் திறந்து, வலையை உருவி, ஃப்ளையை ஒரு சூடான பாறையில் போட்டு நான்கு மூலையிலும் கல் வைத்தேன். பதினைந்து நிமிடத்தில் சரசரவென்று காய்ந்துவிட்டது. அது பாலியெஸ்டர். நைலான் தானே கொஞ்சம் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், அதற்கு இன்னும் நேரம் பிடிக்கும். தம்பி தன் வார்களைப் பார்த்தான். “ஷியா கோரு போய்ப் பாத்துக்கலாம்ணா” என்றான்.

ஷியா கோருவில் வெயில் மலைக்குப் பின்னால் போன பிறகுதான் அவன் டென்ட் பிரிந்தது. தரையில் உள்ளங்கை அளவுக்குக் குட்டை. என் துண்டை வாங்கித் துடைத்தான், ஆனால் வலைத்துணியில் ஊறிய ஈரம் எங்கே போகும்? அவனுடையது இறகு அடைத்த ஸ்லீப்பிங் பேக். இறகு ஈரம் பட்டால் உப்பாது, உப்பாவிட்டால் சூடு நிற்காது. ராத்திரி இரண்டு தடவை எழுந்து என் டென்ட்டுக்கு வந்து உட்கார்ந்தான். மறுநாள் சத்ரு என்ற முகாமில் அடித்த வெயிலுக்கும் காற்றுக்கும் அரை மணி நேரத்தில் எல்லாம் காய்ந்தது உண்மைதான். ஆனால் இடையில் அந்த ஒரு இரவு இருந்ததே.

எல்லா டென்ட்டுக்கும் இது பொருந்தாது. உள்கூடும் ஃப்ளையும் ஒன்றாகவே இருக்கும் ஒற்றைச் சுவர் டென்ட்டை இரண்டாகப் பிரிக்க முடியாது. அதற்குப் பையின் முன்பக்கம் இழுபடும் பெரிய வலைப்பாக்கெட் இருந்தால் அதுவே நல்ல இடம். வாரை அவிழ்க்காமல் சட்டென்று எடுத்து விரிக்கலாம். சிலிகான் பூச்சு டென்ட்டை இரவல் வாங்கி இரண்டே இரவுதான் பயன்படுத்தியிருக்கிறேன், அதைப் பற்றி உறுதியாகச் சொல்ல என்னிடம் அனுபவம் போதாது. பனியிலும் அப்படித்தான். உத்தராகண்டின் கேதார்கண்டாவில் ஒரு டிசம்பர் காலை ஃப்ளை அப்பளம் மாதிரி விறைத்து நின்றது. எந்தப் பைக்குள்ளும் போகாததால் உதறிவிட்டு வெளியேதான் கட்டினேன், அன்றைக்கு அதுவே சரியாக இருந்தது. ஒரே இரவு தங்கி மறுநாள் வீட்டுக்கு வருபவர் எப்படிக் கட்டினாலும் பெரிய வித்தியாசம் இல்லை, வந்த அன்றே விரித்தால் சரி.

வீட்டில் என் வழக்கம்: பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் டென்ட். ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் வெயிலுக்கு எங்கே போவது? ஹாலில் குறுக்கே கொடி கட்டி, ஃபேனைப் போட்டு, இரண்டு நாள் தொங்கவிடுவேன். தையல் ஓரமும் தரையின் மூலைகளும்தான் கடைசியில் காயும், அங்கே விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன். மொட்டை மாடியில் நாள் முழுக்க வெயிலில் போடுவதில்லை, அது துணியை இற்றுப்போக வைக்கும். காய்ந்ததும் உறைக்குள் திணிக்காமல், பழைய தலையணை உறையில் தளர்வாகப் போட்டு பீரோவின் கீழ்த்தட்டில் வைக்கிறேன். பரணில் வேண்டாம், மாடிச் சூடு நேராக அங்கேதான் இறங்கும்.