அரசு மருத்துவமனையில் தரும் குழந்தை நலப் பெட்டகம்: எது எவ்வளவு உதவுகிறது?

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவிக்கும் தாய்மார்களுக்காக 2015ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அம்மா குழந்தை நலப் பரிசுப் பெட்டகம், தொடக்கத்தில் 1,000 ரூபாய் மதிப்பில் 16 பொருள்களைக் கொண்டிருந்தது. என் தங்கைக்குக் கிடைத்த பெட்டகத்தை வீட்டில் பயன்படுத்திப் பார்த்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

முதலிடம் கைகழுவும் திரவத்துக்கே. பச்சிளங்குழந்தைக்கு நோய்த்தொற்று பெரும்பாலும் தூக்குகிறவர்களின் கைகள் வழியாகவே வருகிறது. ஆனாலும், பார்க்க வருகிற உறவினர்கள் கை கழுவாமலே குழந்தையை வாங்கிக் கொஞ்சுவது நம் வீடுகளில் வழக்கம். "கையக் கழுவிட்டுத் தூக்குங்க அத்தை" என்று பெரியவர்களிடம் சொல்லத் தயங்கும் இளம் தாய்க்கு, "ஆஸ்பத்திரியிலேயே கொடுத்திருக்காங்க" என்று அந்தப் புட்டியைக் காட்ட முடிவது எவ்வளவு பெரிய துணை என்பதை நேரில் பார்த்தேன். எங்கள் வீட்டில் அதை வாசலை ஒட்டிய குழாயடியிலேயே வைத்துவிட்டோம்.

அடுத்தது, வலையோடு கூடிய சிறு மெத்தை. கொசுவர்த்திப் புகை பச்சிளங்குழந்தையின் மூச்சுக்கு ஆகாது என்பதால், கொசுவையும் ஈயையும் ஒருசேரத் தடுக்கும் இந்த வலைக்கு ஈடான மாற்று இல்லை.

எண்ணெயும் சோப்பும் நல்லவைதாம். ஆனால், பயன்படுத்தும் முறையை அறிந்திருக்க வேண்டும். பிறந்து 24 மணி நேரமாவது கழிந்த பிறகே குளிப்பாட்ட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. எடை குறைந்த குழந்தைக்கு உடல் சூடு சட்டென இறங்கிவிடும் என்பதால், மருத்துவர் சொல்லும்வரை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தெடுப்பதே போதும். எண்ணெயை மென்மையாக உடம்பில் தேய்க்கலாமே தவிர, மூக்கிலும் காதிலும் விடவே கூடாது. மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கக்கூடும். தொப்புள்கொடி காய்ந்து விழும்வரை அந்த இடத்தில் எண்ணெயோ பவுடரோ படாமல் உலர்வாக வைத்திருப்பதும் அவசியம். இந்தச் செய்திகளை அச்சிட்ட ஓர் அட்டை ஒவ்வொரு பெட்டகத்திலும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கிலுகிலுப்பைக்கும் பொம்மைக்கும் முதல் மாதத்தில் வேலையில்லை. பெட்டகத்தில் உள்ள லேகியம் தாய்க்குரியது.

போதாமல் போவது நாப்கின் துணிதான். முதல் வார முடிவில், வயிறு நிறையப் பால் குடிக்கும் குழந்தை நாளொன்றுக்கு 6 முறைக்கு மேல் சிறுநீர் கழிக்கும்; மழைக்காலத்தில் துணி காய்வதும் தாமதமாகும். ஆகவே, பிரசவத்துக்கு முன்பே பழைய பருத்தி வேட்டியைத் துவைத்து, வெயிலில் உலர்த்தி, சதுரங்களாகக் கிழித்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டும்போது மேல் விளிம்பைத் தொப்புளுக்குக் கீழே மடித்துவிட்டால், அந்த இடம் ஈரமாகாது, உராய்வும் ஏற்படாது.