சிறுநீரக மாற்றுக்கு நிதி திரட்டல்: எந்த வழி எந்தச் செலவைத் தாங்கும்?

எந்த வழி நல்லது என்று கேட்பதற்கு முன்னால் செலவை மூன்று பங்காக எழுதிப் பார்த்துவிடுங்கள். அறுவைக்கு முன்: பெரும்பாலும் வாரம் மூன்று முறை, தடவைக்கு நான்கு மணி நேர டயாலிசிஸ், ரத்த வகை, ஹெச்.எல்.ஏ. (திசுப் பொருத்தம்), கிராஸ்மேட்ச் (கொடுப்பவரின் செல்களைப் பெறுபவரின் ரத்தம் எதிர்க்கிறதா என்று பார்ப்பது) பரிசோதனைகள். அடுத்தது அறுவையும் மருத்துவமனை வாசமும். பிறகு, உடல் புதிய சிறுநீரகத்தை நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட் போன்ற மாத்திரைகள். புதிய சிறுநீரகம் வேலை செய்யும் காலம் முழுக்க இவற்றை நிறுத்த முடியாது. பல குடும்பங்கள் நடுவில் உள்ள பங்கை மட்டும் இலக்காக வைத்து இறங்குகின்றன. அறுவை முடிந்த சில மாதங்களில் கை வறண்டு, மாத்திரை விட்டுப்போய், உடல் அந்தச் சிறுநீரகத்தை நிராகரித்தால் திரட்டியதெல்லாம் வீண்.

இணையவழி கூட்டுநிதியின் (இணையதளத்தில் ஒரு பக்கம் தொடங்கிப் பலரிடம் பணம் திரட்டுவது) பலம் வேகம். தேதி குறித்த அறுவைக்கு, அதாவது உறவினரே சிறுநீரகம் தரும்போது, இதுதான் முதல் தேர்வு. ஆறிலிருந்து எட்டு வாரம் முன்னால் தொடங்குங்கள். பக்கத்தை ஊரறியப் பகிரும் முன், நெருங்கியவர்கள் பதினைந்து இருபது பேரைத் தனித்தனியாக அழைத்து முதல் நாளே பணம் போடச் சொல்லுங்கள். பூஜ்யத்தில் நிற்கும் பக்கத்தில் முன்பின் தெரியாதவர் கை வைக்கத் தயங்குவார். வேகம் முதல் வாரத்தோடு தணியும். பத்து நாளுக்கு ஒரு தகவலாவது (பரிசோதனை முடிந்தது, தேதி உறுதியானது) போட்டால்தான் மறுபடி அசையும்.

பிடித்தம் போகக் கைக்கு வருவதைக் கணக்கிடுங்கள். அந்த இணையதளம் பிடிக்கும் கட்டணமும் பணப்பரிமாற்றக் கட்டணமும் சேர்ந்து 8 சதவீதம் என்றால், 100 தேவைப்படுபவர் இலக்கை 108 அல்ல, 109 ஆக வைக்க வேண்டும் (100-ஐ 0.92-ஆல் வகுக்க வேண்டும்). அதிகம் சிக்குவது பணம் எடுக்கும்போது: வங்கிக் கணக்கில் ஒரு பெயர், அடையாளச் சான்றில் வேறு எழுத்து என்றால், பணம் நாள்கணக்கில் முடங்கும். முதல் நாளே சரிபார்த்துவிடுங்கள். மருத்துவமனையின் மதிப்பீட்டுக் கடிதத்தைப் பதிவேற்றும்போது நோயாளி எண், முகவரி, தொலைபேசி எண்ணை மறைத்துவிடுங்கள்.

அறக்கட்டளை உதவி இதற்கு நேர் எதிர். மெதுவாக வரும், பெரும்பாலும் நேராக மருத்துவமனைக்கே போகும், பிடித்தம் இல்லை. ஆனால் ஏற்கெனவே கட்டிவிட்ட பில்லுக்குப் பொதுவாகத் தர மாட்டார்கள். ஆகவே அறுவைக்குப் பின் விண்ணப்பிப்பது வீண் அலைச்சல். மதிப்பீட்டுக் கடிதம் பழையதாக இருந்தாலும், வருமானச் சான்று இல்லாவிட்டாலும் திருப்பி அனுப்புவார்கள். ஒரே இடத்தை நம்பாமல் நான்கைந்து இடத்தில் போடுங்கள். மற்ற இடங்களில் கேட்டிருப்பதையும் ஒளிக்காமல் எழுதுங்கள்.

இறந்தவரின் சிறுநீரகத்துக்காகப் பட்டியலில் காத்திருப்பவருக்கு நிலைமையே வேறு. அழைப்பு வந்தால் சில மணி நேரத்தில் மருத்துவமனையில் இருக்க வேண்டும். எடுத்த சிறுநீரகத்தைப் பொதுவாக ஒன்றரை நாளுக்குள் பொருத்தியாக வேண்டும். அப்போது பக்கம் தொடங்கி என்ன பயன்? தேதியே தெரியாத பக்கமும் மாதக்கணக்கில் கிடந்து நீர்த்துவிடும். இவர்கள் அறக்கட்டளையின் முன்னொப்புதலை வாங்கி வைத்துக்கொண்டு, முன்பணத்துக்குக் கைமாற்று தருபவரிடம் முன்கூட்டியே பேசி வைப்பதுதான் புத்திசாலித்தனம். கடன் இங்கே பாலம்தான். மாத்திரைச் செலவுக்குக் கடன் வாங்கத் தொடங்கினால் அதற்கு முடிவே இருக்காது.

கலை நிகழ்ச்சி, விற்பனை என்று இறங்குவதில் உழைப்பு அதிகம், மிச்சம் குறைவு. அதே உழைப்பை மாதச் சந்தாவில் போடலாம் என்பதே எங்கள் கட்சி. வேலையிடம், பழைய வகுப்புத் தோழர்கள் என்று முப்பது பேர், ஆளுக்குச் சிறு தொகை, பன்னிரண்டு மாதம். முதல் ஆண்டில்தான் மருந்தின் அளவும் ரத்தப் பரிசோதனையும் அதிகம். பெருந்தொகை ஒரு தடவை வருவதைவிட இது அங்கே பொருந்தும். வங்கியில் தானியங்கிக் கட்டளை கொடுக்கச் செய்யுங்கள். மாதாமாதம் நினைவூட்டிக் கேட்பது இரண்டு பக்கமும் கசந்துவிடும்.

பணத்தை எங்கே வைப்பது? மருத்துவமனைக் கணக்கு என்றால் கொடுப்பவருக்கு நம்பிக்கை; ஆனால் வெளியே வாங்கும் மாத்திரைக்கு அது உதவாது, அறுவை தள்ளிப்போனால் திரும்பப் பெறவும் நேரமாகும். அறுவைப் பங்கு அங்கே, மருந்துப் பங்கு இருவர் கையெழுத்திடும் தனிக் கணக்கில். எந்த வழியானாலும் "சிறுநீரகம் வாங்க" என்று எழுதிவிடாதீர்கள். ஈரானைத் தவிர கிட்டத்தட்ட எங்குமே உறுப்புக்கு விலை கொடுப்பது குற்றம். உறுப்பு மாற்று நிபுணர்களின் சர்வதேச அறிக்கையான 2008-ன் இஸ்தான்புல் பிரகடனமும் உறுப்பு வணிகத்தைக் கண்டிக்கிறது. கொடுப்பவருக்கு நேர்ந்த நியாயமான செலவை ஈடுகட்டுவதை மட்டும் ஏற்கிறது. "கொடுப்பவரின் பரிசோதனை, பயணம், விடுப்பில் இழக்கும் சம்பளம்" என்று பெயர் சொல்லி எழுதுங்கள். வேலைக்குத் திரும்ப அவருக்குச் சுமார் நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும் என்பதையும் இலக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.