‘கரி வடித்த’ சீரம் வாங்குகிறவர்கள் கவனிக்க

கெடா மாநிலத்தின் பீடோங், சுங்கைப்பட்டாணி வட்டாரத்தில் ஆய்வகத்தில் செல் வளர்ப்பவர்களுக்கு: கன்றுக்கரு சீரத்தை (செல்களுக்கு ஊட்டமாக ஊற்றும், மாட்டுக் கருவின் இரத்த நீர்) ‘கரித்தூளால் வடித்தது’, அதாவது ஹார்மோன்களையும் கொழுப்புகளையும் கரியால் நீக்கியது, என்று லேபிள் ஒட்டி ஒரு விநியோகிப்பாளர் விற்கிறார். எங்களுக்கு வந்த 500 மில்லி போத்தல் கரியையே கண்டதில்லை. செல்களே காட்டிக்கொடுத்தன.

சுவிஸ் 3டி3 என்ற எலிச் செல்களை 16 மணி நேரம் சீரம் இல்லாமல் பட்டினி போட்டால் உள்ளே இருக்கும் தடித்த ஆக்டின் கற்றைகள் (செல்லைத் தாங்கும் புரத இழைகள்) கலைந்துவிடும். 10 சதவீதம் சாதாரண சீரம் ஊற்றினால் அரை மணிக்குள் மறுபடியும் செல்லின் குறுக்கே விறைப்பாக எழும். அதைச் செய்வது சீரத்திலுள்ள அல்புமின் புரதத்தோடு ஒட்டி வரும் லைசோபாஸ்பாடிடிக் அமிலம் என்ற கொழுப்பு. அது செல்லுக்குள் இருக்கும் ரோ என்ற புரதத்தின் வழியாக வேலை செய்கிறது என்று ஆய்வாளர்கள் ரிட்லியும் ஹாலும் 1992இலேயே காட்டிவிட்டார்கள். இந்தக் கொழுப்பைக் கரி இழுத்துக்கொள்ளும். எனவே வடித்த சீரத்தில் கற்றைகள் வெகுவாகக் குறைய வேண்டும். இந்தப் போத்தலிலோ சாதாரண சீரத்துக்கும் இதற்கும் வேறுபாடே இல்லை.

விநியோகிப்பாளரிடம் கேட்டதற்கு, “56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கியிருக்கிறோம்” என்றார்கள். அந்தச் சூடு காம்ப்ளிமென்ட் எனும் நோயெதிர்ப்புப் புரதங்களை அடக்கும், அவ்வளவுதான். கொழுப்பு அப்படியே இருக்கும், ஈஸ்ட்ரோஜனும் இருக்கும். ஈஸ்ட்ரோஜனால் வளரும் எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய்ச் செல்களில் ஹார்மோன் சோதனை செய்பவர்களுக்கு இதுதான் பெரிய ஆபத்து: ஹார்மோன் சேர்க்காத கிண்ணத்திலும் செல்கள் வளர்ந்துகொண்டே போகும்.

சந்தேகம் வந்தால் அதே போத்தலில் 20 மில்லி எடுத்து, டெக்ஸ்ட்ரான் பூசிய கரித்தூள் 0.2 கிராம் போட்டு, 4 டிகிரியில் இரவு முழுவதும் சுழல விடுங்கள். மையவிலக்கில் கரியை இறக்கி, 0.2 மைக்ரான் வடிகட்டியில் செலுத்துங்கள். வடித்தது, வடிக்காதது இரண்டையும் பட்டினி கிடந்த செல்களில் 30 நிமிடம் வைத்து, ஆக்டினில் ஒட்டும் ஃபலாய்டின் சாயமேற்றிப் பாருங்கள். இன்னொரு கிண்ணத்தில் 1 மைக்ரோமோலார் லைசோபாஸ்பாடிடிக் அமிலம் மட்டும் இருக்கட்டும். அதில் கற்றை வராவிட்டால் கோளாறு செல்லில், சீரத்தில் அல்ல. நாம் வடித்ததில் கற்றை குறைந்து, போத்தலிலிருந்து நேராக எடுத்ததில் குறையாவிட்டால் லேபிள் பொய்.

போத்தலில் உள்ள தொகுதி எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றா என்று கூரியர்க்காரர் நிற்கும்போதே பாருங்கள். எங்களுக்கு வந்தவை வேறு வேறு. திறந்த போத்தலைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று பணத்தையும் மறுத்துவிட்டார்கள். அதே தொகுதியிலிருந்து 50 மில்லி மாதிரி தராதவரிடம் முழுப் போத்தலுக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள்.