தோற்றுக்கொண்டிருக்கும் அணிக்கு 3-5-2 ஆ, 4-4-2 ஆ? லெஸ்டரை வைத்து ஓர் அலசல்

2015 ஏப்ரல் தொடக்கத்தில் இங்கிலாந்துக் கால்பந்து கிளப்பான லெஸ்டர் சிட்டி 29 ஆட்டங்களில் 19 புள்ளிகளோடு பிரீமியர் லீக்கின் கடைசி இடத்தில் கிடந்தது. பயிற்சியாளர் நைஜல் பியர்சன் பெரும்பாலும் மூன்று சென்டர் பேக்குகளை (பின்வரிசையின் நடுவில் நிற்கும் தடுப்பாளர்களை) வைத்து ஆடிய கடைசி 9 ஆட்டங்களில் 7 வெற்றி, 1 டிரா. 41 புள்ளிகளோடு 14ஆம் இடத்தில் தப்பித்தார்கள். அடுத்த சீசனில் பயிற்சியாளராக வந்த கிளாடியோ ரனியேரி 4-4-2க்குத் (பின்னால் நால்வர், நடுவில் நால்வர், முன்னால் இருவர்) திரும்பி, 81 புள்ளிகளோடு லீக்கையே வென்றார். இரண்டு ஃபார்மேஷனும் ஒரே கிளப்பில் பலித்ததால், ஒப்பிட இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.

முதலில் 3-5-2: பின்னால் மூவர், நடுவில் ஐவர், முன்னால் இருவர். மைதானத்தின் அகலம் பொதுவாக 68 மீட்டர். பின்வரிசையில் நான்கு பேர் நின்றால் ஆளுக்கு 17 மீட்டர். மூவர் வரிசையின் இரு ஓரங்களிலும் மேலும் கீழும் ஓடும் விங் பேக்குகள் இறங்கி ஐவரானால் 13.6. வேகம் குறைந்த சென்டர் பேக்குகளுக்கு அந்த மூன்றரை மீட்டர் பெரிய நிம்மதி. லெஸ்டரின் வசிலெவ்ஸ்கி, ஹூத், மோர்கன் மூவருமே ஓட்டக்காரர்கள் அல்ல. ஆனால் பாக்ஸுக்குள் வரும் பந்தைத் தலையால் முட்டி வெளியே அனுப்புவதில் கில்லாடிகள். அந்தக் கடைசி 9 ஆட்டங்களில் லெஸ்டர் வாங்கிய கோல்கள் 7தான், அதில் மூன்று செல்சிக்கு எதிராக.

இது எங்கே உடையும்? விங் பேக்கில். இரு பக்கமும் ஆல்பிரைட்டன், ஷ்லுப் போல விங்கராகவும் (ஓரத்தில் ஏறித் தாக்குபவராகவும்) ஓடக்கூடியவர்கள் வேண்டும். சாதாரண ஃபுல் பேக்கை (நால்வர் பின்வரிசையின் ஓரத்தில் நிற்பவரை) அங்கே நிறுத்தினால் அவர் பின்வரிசையிலேயே ஒட்டிக்கொள்வார். பிறகு 5-3-2 தான். எதிரணி ஃபுல் பேக் யாரும் நெருங்காமல் பந்தோடு நிற்பார். நடுவில் உள்ள மூவர் 68 மீட்டரையும் பக்கவாட்டில் ஓடி மூட வேண்டியிருக்கும். ஒரு மணி நேரம் தாண்டியதும் கால் ஓயும், பந்தை வேகமாகப் பக்கம் மாற்றும்போதெல்லாம் ஓட்டை விழும். இதற்கு மருந்து: எதிரணி ஃபுல் பேக்குக்குப் பாஸ் கிளம்பிய கணத்தில் அந்தப் பக்க மிட்ஃபீல்டர் பாய வேண்டும். பாஸுக்கு முன்பே பாய்ந்தால் நடுவழி திறந்துவிடும். எதிர்ப்பக்க ஸ்ட்ரைக்கர் இறங்கி, எதிரணியின் பின்னால் நிற்கும் மிட்ஃபீல்டரை மறைக்க வேண்டும்.

4-4-2இல் வேலை எளிது. இரண்டு நால்வர் வரிசை, இடையில் பத்துப் பன்னிரண்டு மீட்டர், எல்லோருக்கும் பக்கத்தில் யார் என்று தெரியும். நம்பிக்கை இழந்த வீரர்களுக்கு இந்தத் தெளிவு முக்கியம். எதிரில் யாரையும் நிறுத்தாமல், பந்து போகும் திசைக்கு எட்டுப் பேரும் சேர்ந்து நகரும் பயிற்சியைத் தினமும் 15 நிமிடம் செய்தாலே வரிசை பிடிபடும். இதன் பலவீனம் நடுக்களத்தில்: எதிரணியில் மூன்று பேர் இருந்தால் நம் இருவர் திணறுவார்கள். ரனியேரியிடம் ஒகசாகி அதை அடைத்தார். ஸ்ட்ரைக்கராக நின்றாலும் பந்து எதிரணியிடம் போனதும் நடுவரிசைக்கு இறங்கிவிடுவார். கூடவே நடுக்களத்தில் ஓயாமல் ஓடிப் பந்தைப் பறிக்கும் கான்டே. அவரைப் போல ஒருவர் இல்லாத அணி, ஒரு விங்கரை உள்ளே இழுத்துத்தான் சமாளிக்க வேண்டும்.

ரனியேரியின் அணியும் முதலில் ஒழுகியது. முதல் 9 ஆட்டங்களிலும் கோல் வாங்கியது, மொத்தம் 17. ஆர்சனலிடம் 5-2 என்று தோற்ற பிறகும் அவர் ஃபார்மேஷனைத் தொடவில்லை. ஃபுல் பேக்குகளை மட்டும் மாற்றினார்: டி லாட், ஷ்லுப்புக்குப் பதிலாக சிம்ப்சன், ஃபூக்ஸ். இவர்கள் சென்டர் பேக்குகளை ஒட்டியே நின்று, ஓரத்திலிருந்து உள்ளே தூக்கி அடிக்கும் கிராஸ் வந்தால் வரட்டும் என்று விட்டார்கள். ஹூத்தும் மோர்கனும் அதை முட்டித் தள்ளினார்கள். பத்தாவது ஆட்டத்திலிருந்து சீசன் முடிவு வரை 29 ஆட்டங்களில் 19 கோல்கள்தான். என் கணிப்பில் இந்த ஒப்பீட்டிலேயே மிக உபயோகமான தகவல் இதுதான். ஷ்லுப்பையே பாருங்கள்: 3-5-2க்குச் சரியாகப் பொருந்தியவர், நால்வர் வரிசையில் இடம் இழந்தார்.

4-2-3-1, 4-3-3 பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. இவற்றில் முன்னால் நடுவில் நிற்கும் ஒற்றை ஸ்ட்ரைக்கர் பந்தைப் பிடித்து வைக்காவிட்டால் அடித்து விரட்டிய பந்து உடனே திரும்பி வரும். தவிக்கும் அணிகளிடம் அப்படிப்பட்ட ஸ்ட்ரைக்கர் அரிது.

ஆகவே சீசனில் எட்டுப் பத்து ஆட்டங்களே மிச்சம், தலையால் முட்டும் சென்டர் பேக்குகள் மூவர், ஓயாமல் ஓடும் விங்கர்கள் இருவர் கையில் இருந்தால் 3-5-2. அந்த ஐவரில் ஒருவர் குறைந்தாலும் 4-4-2. அதிலும் கோல்கள் தொடர்ந்து விழுந்தால், முதலில் ஃபுல் பேக்குகள் எங்கே நிற்கிறார்கள் என்று வீடியோவில் பாருங்கள். சென்டர் பேக்குக்கும் ஃபுல் பேக்குக்கும் நடுவே பத்து மீட்டருக்கு மேல் இடைவெளி தெரிந்தால், ஃபார்மேஷனை விட்டுவிட்டு அந்த இடைவெளியை மூடுங்கள்.